வீட்டில் சோலார், கூடவே ஒரு சிறு காற்றாலை: நீங்களே அமைக்க முழுமையான வழிகாட்டி

சோலார் போடலாம் என்று சொந்தமாக இறங்குகிறவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் பேனல். தடுமாற்றமும் அங்கேதான் தொடங்குகிறது. வாங்கிய பேனலுக்கு ஏற்ற பேட்டரி, பேட்டரிக்கு ஏற்ற கன்ட்ரோலர் (பேட்டரி சார்ஜாவதைக் கட்டுப்படுத்தும் கருவி), அப்புறம் மிச்சப் பணத்துக்கு ஏற்ற ஒயர் என்று போய், ஃபியூஸ் வாங்கும்போது பை காலியாக இருக்கும். ஆனால் வீட்டைக் காப்பாற்றப்போவது அந்த ஃபியூஸ்தான். அதனால் இந்த வழிகாட்டி வேறு வரிசையில் போகிறது: முதலில் தேவை, பிறகு பேட்டரி, அதற்குப் பின்தான் பேனல். காற்றாலை எல்லாவற்றுக்கும் கடைசி.

இங்கே பேசுவது பேட்டரியுடன் தனித்து இயங்கும் அமைப்பைப் பற்றி. வெளி மின் இணைப்புக்கு மின்சாரத்தை அனுப்பும் அமைப்பு வேறு. அதற்கு மின் வழங்குநரின் அனுமதி வேண்டும், உரிமம் பெற்ற ஆள் வேண்டும். பேட்டரி இல்லாத அந்த வகை இன்வெர்ட்டர், வெளி மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காக்கவே அப்படிச் செய்திருக்கிறார்கள். மின்வெட்டைச் சமாளிக்க நினைத்து அதை வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறைய.

## 1. கையில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர், டி.சி. கரன்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர், தடித்த லக்குகளை (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) அழுத்தும் ஹைட்ராலிக் கிரிம்பர், பேனல் ஒயர்களைச் சேர்க்கும் எம்.சி.4 கனெக்டருக்கான தனி கிரிம்பர், கண்ணாடி, கையுறை. கிளாம்ப் மீட்டர் வாங்கும்போது டி.சி. அளக்குமா என்று பாருங்கள். மலிவானவை பலவும் ஏ.சி. மட்டுமே காட்டும்.

ஸ்பேனரின் கைப்பிடி முழுவதும் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். மோதிரம், வாட்ச், சங்கிலியைக் கழற்றி வைத்துவிடுங்கள். பேட்டரியின் இரண்டு முனைகளையும் ஒரு ஸ்பேனர் ஒரே நேரத்தில் தொட்டால் அது சில நொடிகளில் பழுக்கக் காய்ந்துவிடும். மோதிரத்துக்கும் அதே கதிதான்.

இரண்டு விஷயங்களை மனதில் ஏற்றிக்கொண்டு தொடங்குங்கள். பகலில் பேனலுக்கு ஸ்விட்ச் கிடையாது, வெளிச்சம் பட்டால் வோல்டேஜ் இருக்கும். பேட்டரிக்கு இரவிலும் ஸ்விட்ச் கிடையாது. 60 வோல்ட்டுக்கு மேற்பட்ட டி.சி. ஆபத்தானது, இரண்டு பேனலைத் தொடராக (ஒன்றின் ப்ளஸை அடுத்ததன் மைனஸோடு) இணைத்தாலே அதைத் தாண்டிவிடுவோம்.

## 2. முதலில் காகிதத்தில் கணக்கு

என்னென்ன கருவிகள், ஒவ்வொன்றும் எத்தனை வாட், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடும் என்று எழுதுங்கள். வாட்டை மணி நேரத்தால் பெருக்கினால் வாட்-மணி. இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம்.

30 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறி 2, தலா 10 மணி நேரம்: 600. 9 வாட் எல்.இ.டி. பல்பு 5, தலா 5 மணி நேரம்: 225. 10 வாட் ரவுட்டர் நாள் முழுவதும்: 240. 60 வாட் டி.வி. 3 மணி நேரம்: 180. போன், லேப்டாப் சார்ஜ் செய்ய 155. மொத்தம் 1,400 வாட்-மணி.

பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதும் தனக்கென்று கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். 15 வாட் என்று வைத்தாலும் 24 மணி நேரத்துக்கு 360 ஆகிறது. நம் உதாரணத்தில் இரண்டு மின்விசிறியும் எடுப்பதில் பாதிக்கு மேல் இது. ஆக உண்மையான தேவை 1,760 வாட்-மணி, அதாவது ஏறக்குறைய ஒன்றே முக்கால் யூனிட்.

பட்டியல் எழுதியதும் எதைக் குறைக்கலாம் என்று பாருங்கள். அதே இரண்டும் 75 வாட் பழைய மின்விசிறிகளாக இருந்தால் 600-க்குப் பதில் 1,500 ஆகியிருக்கும். அந்தக் கூடுதல் 900 வாட்-மணிக்காகப் பேனலும் பேட்டரியும் கூட்டுவதைவிட மின்விசிறியை மாற்றுவது மலிவு. ஃபிரிட்ஜ் இருந்தால் லேபிளை நம்பாமல், பிளக்கில் செருகும் எனர்ஜி மீட்டரை வைத்து ஒரு முழு நாள் அளந்துவிடுங்கள். விட்டு விட்டு ஓடும் கருவியை வாட் கணக்கால் மட்டும் பிடிக்க முடியாது.

## 3. 12, 24, 48: எந்த வோல்டேஜ்?

இதை இப்போதே முடிவு செய்ய வேண்டும். பேட்டரி, கன்ட்ரோலர், இன்வெர்ட்டர் மூன்றும் இதையே சார்ந்திருப்பதால் பிறகு மாற்றினால் மூன்றையும் மாற்ற வேண்டியிருக்கும்.

1,200 வாட் எடுக்க 12 வோல்ட்டில் 100 ஆம்பியர் ஓட வேண்டும். 24-இல் 50 போதும், 48-இல் 25 போதும். ஒயரில் வீணாகும் சூடு கரன்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் வோல்டேஜை இரட்டித்தால் அதே ஒயரில் இழப்பு நான்கில் ஒன்றாகிவிடும். சில பல்பு, ஒரு மின்விசிறி என்றால் 12 போதும். இன்வெர்ட்டர் 1,000 வாட்டைத் தாண்டினால் 24, 3,000-ஐ நெருங்கினால் 48. நம் உதாரணத்துக்கு 24.

## 4. பேட்டரி

ஒரு நாள் தேவையை முழுதாகத் தாங்கும் பேட்டரியைக் குறைந்தபட்சமாக வையுங்கள்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம். 1,760-ஐ 0.8-ஆல் வகுத்தால் 2,200. 25.6 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி 2,560 தரும், போதும். லெட்-ஆசிட் என்றால் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது, ஆழமாக இறக்க இறக்க அதன் ஆயுள் குறையும். அப்போது 3,520 தேவை. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்தால் 3,600 வரும்.

மேகமூட்ட நாட்களுக்காக மூன்று நாள் பேட்டரி வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அந்தப் பணத்தில் பேனலைக் கூட்டுங்கள். மேகத்திலும் பேனல் கொஞ்சம் தரும். பெரிய பேட்டரியை நிரப்பப் போதுமான பேனல் இல்லாவிட்டால் லெட்-ஆசிட் பாதி சார்ஜிலேயே கிடக்கும், தகடுகளில் சல்பேட் இறுகிப் பேட்டரி சீக்கிரம் வீணாகும்.

பழைய பேட்டரியோடு புதியதைச் சேர்க்காதீர்கள். பலவீனமானது மற்றதையும் கீழே இழுக்கும். இணையாக (ப்ளஸோடு ப்ளஸ், மைனஸோடு மைனஸ்) இரண்டு பேட்டரி வைத்தால் ப்ளஸை முதல் பேட்டரியிலிருந்தும் மைனஸைக் கடைசிப் பேட்டரியிலிருந்தும் எடுங்கள். இரண்டையும் ஒரே பேட்டரியிலிருந்து எடுத்தால் அதுவே அதிகம் உழைத்து முதலில் சாகும்.

தண்ணீர் ஊற்றும் லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் அது 4 சதவீதத்தைத் தொட்டாலே தீப்பற்றக்கூடியது, அதனால் காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். தீப்பொறி வரக்கூடிய எதையும் பேட்டரிக்கு நேர் மேலே பொருத்தாதீர்கள். லித்தியத்துக்கு வாயுத் தொல்லை இல்லை. ஆனால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது.

## 5. பேனல் எத்தனை வாட்?

இடத்துக்கு எவ்வளவு வெயில் என்பதை ‘உச்ச வெயில் மணி’ என்று கணக்கிடுவார்கள். ஒரு நாள் முழுவதும் விழும் வெயிலை, சதுர மீட்டருக்கு 1,000 வாட் என்ற முழு வெயிலாகத் திரட்டினால் எத்தனை மணி நேரம் வரும் என்பதே அது. ஆண்டுச் சராசரியை எடுக்காமல் மிக மோசமான மாதத்தின் எண்ணை எடுங்கள். சராசரியை வைத்துக் கட்டினால் அந்த மாதம் முழுக்க இருட்டில் உட்கார வேண்டியிருக்கும்.

மோசமான மாதத்தில் 4.5 மணி என்று வைப்போம். பேனல் சூடு, தூசி, ஒயர், பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாம் போக 65 சதவீதம் கையில் நிற்கும் என்று கொள்ளுங்கள். 1,760-ஐ 4.5-ஆலும் 0.65-ஆலும் வகுத்தால் 602 வாட். 330 வாட் பேனல் இரண்டு போட்டால் 660, சரியாக வரும்.

தனித்தனி செல் வாங்கி வீட்டிலேயே பேனல் ஒட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். உள்ளே ஈரம் புகாமல் பல ஆண்டு அடைத்து வைக்க ஆலையின் லாமினேட்டர் தேவை. உங்கள் கைத்திறனைக் காட்ட ஸ்டாண்டும் ஒயரிங்கும் காற்றாலையும் இருக்கின்றன.

## 6. சார்ஜ் கன்ட்ரோலரும் குளிர்காலை வோல்டேஜும்

பி.டபிள்யூ.எம்., எம்.பி.பி.டி. என்று இரண்டு வகை. முதலாவது பேனலைப் பேட்டரியோடு நேராகச் சேர்த்துவிடும். பேனலின் கூடுதல் வோல்டேஜ் வீண்தான். இரண்டாவது அந்தக் கூடுதல் வோல்டேஜைக் கரன்ட்டாக மாற்றிக் கொடுக்கும். சிறிய 12 வோல்ட் அமைப்புக்கு மேல் எதுவானாலும் எம்.பி.பி.டி. வாங்குங்கள்.

ஆம்பியர் கணக்கு எளிது: 660 வாட்டை, சார்ஜ் ஆகும் பேட்டரியின் 27 வோல்ட்டால் வகுத்தால் 24.4, ஆக 30 ஆம்பியர் கன்ட்ரோலர் போதும்.

கன்ட்ரோலரைக் கொல்வது பெரும்பாலும் வோல்டேஜ். பேனலின் பின் லேபிளில் ‘வி.ஓ.சி.’ என்று இருப்பது, சுமை எதுவும் இல்லாதபோது வரும் வோல்டேஜ். அது 25 டிகிரி செல்சியஸில் அளந்தது. செல் குளிரக் குளிர வோல்டேஜ் ஏறும், டிகிரிக்கு ஏறக்குறைய 0.3 சதவீதம். நம் பேனலுக்கு 46 வோல்ட் என்று வைத்தால், இரண்டைத் தொடராக இணைக்க 92. விடியற்காலை 5 டிகிரிக்கு இறங்கினால் 6 சதவீதம் கூடி 97.5 ஆகிவிடும். ‘100 வோல்ட் வரை’ என்று எழுதியிருக்கும் கன்ட்ரோலர் அப்போது விளிம்பில் நிற்கும். இன்னும் குளிரும் ஊரில் அது போய்விடும், வாரன்ட்டியும் கிடைக்காது. 150 வோல்ட் கன்ட்ரோலர் வாங்குங்கள். உங்கள் இடத்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையை வைத்தே இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

## 7. இடம், நிழல், ஸ்டாண்ட்

வட அரைக்கோளத்தில் பேனல் தெற்கு நோக்கியும் தென் அரைக்கோளத்தில் வடக்கு நோக்கியும் இருக்க வேண்டும். சாய்வு ஏறக்குறைய உங்கள் இடத்தின் அட்சரேகை அளவு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருந்தாலும் 10 டிகிரிக்குக் குறைக்காதீர்கள். தட்டையாகக் கிடந்தால் மழைநீர் தேங்கிக் கீழ் ஓரத்தில் அழுக்கு படியும்.

சாய்வில் நாலைந்து டிகிரி தவறினால் பெரிய நஷ்டமில்லை. நிழலில் அப்படிச் சொல்ல முடியாது. பேனலுக்குள் செல்கள் தொடராக இருக்கின்றன. ஒன்றில் நிழல் விழுந்தால் அந்த வரிசை முழுவதும் அடைபடும். பேனலில் பொதுவாக மூன்று பைபாஸ் டையோடு (அடைபட்ட பகுதியைத் தவிர்த்து மின்சாரத்தைச் சுற்றி அனுப்பும் பாகம்) இருக்கும். ஒரு செல்லை மறைக்கும் நிழல் கூட ஒரு டையோடைத் திறந்துவிட்டு, பேனலின் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடும். காலை 9 முதல் மாலை 3 வரை, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மாடியில் நிழல் விழும் இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள். சூரியன் தாழ்வாகப் போகும் மாதங்களில் நிழல் இன்னும் நீளும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டி, கைப்பிடிச் சுவர், ஆன்டெனா கம்பி மூன்றும்தான் வழக்கமான குற்றவாளிகள்.

ஸ்டாண்ட், பேனலின் எடையைத் தாங்கினால் போதாது. காற்று அடியில் புகுந்து மேலே தூக்கும்போது அதைப் பிடித்து வைக்க வேண்டும். நாலு செங்கல்லை வைத்து நிறுத்துவது எந்த ஊரிலும் உதவாது. கூரையில் துளை போட்டால் அன்றே அடைத்துவிடுங்கள். பேனலுக்கும் கூரைக்கும் 10 செ.மீ. இடைவெளியாவது விடுங்கள், பின்பக்கம் காற்றோடினால் சூடு குறையும், விளைச்சல் கூடும்.

## 8. ஒயர், ஃபியூஸ், பிரேக்கர்

பேனலிலிருந்து கன்ட்ரோலர் வரை 20 மீட்டர் தூரம், 4 சதுர மி.மீ. சோலார் கேபிள் என்று வைப்போம். போய் வர 40 மீட்டர், மின்தடை ஏறக்குறைய 0.2 ஓம். இரண்டு பேனலும் தொடரில் இருந்தால், சுமையோடு ஓடும்போது 75 வோல்ட், 9 ஆம்பியர். ஒயரில் இழப்பது 1.8 வோல்ட், அதாவது 2.4 சதவீதம். அதே பேனல்களை இணையாகப் போட்டால் 37.5 வோல்ட், 18 ஆம்பியர். இழப்பு 3.6 வோல்ட், கிட்டத்தட்ட 10 சதவீதம். பேனலும் ஒயரும் மாறவில்லை, இணைப்பு மட்டும்தான் மாறியது. கன்ட்ரோலர் தாங்கும் வரை தொடரே நல்லது என்பதற்கு இதுதான் காரணம். 3 சதவீதத்துக்குள் நிற்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையில்தான் மிகப் பெரிய கரன்ட். 1,200 வாட் இன்வெர்ட்டர், 90 சதவீதத் திறன், பேட்டரி 23 வோல்ட்டுக்கு இறங்கிய நிலை என்றால் 58 ஆம்பியர். அதைவிடக் கால் பங்கு கூட்டி 80 ஆம்பியர் ஃபியூஸ், 25 சதுர மி.மீ. செம்பு ஒயர். நீளம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

ஃபியூஸ் காப்பது ஒயரை. ஒயர் தாங்கும் கரன்ட்டுக்குக் குறைவாகவும் கருவி எடுக்கும் கரன்ட்டுக்கு அதிகமாகவும் இருக்க வேண்டும். பேட்டரி ப்ளஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் ஒயருக்குப் பாதுகாப்பே இல்லை, அது சுவரில் உரசினால் எரிவதைத் தடுக்க ஒன்றும் இருக்காது. லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆகும்போது ஆயிரக்கணக்கான ஆம்பியர் கொட்டும். சாதாரண ஃபியூஸ் உருகிய பிறகும் உள்ளே தீப்பொறி தொடரக்கூடும். அதற்கென்றே உள்ள ‘கிளாஸ் டி’ (Class T) ஃபியூஸ் போடுங்கள்.

இனி, நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு. வீட்டு ஏ.சி. பிரேக்கரை டி.சி. பக்கம் போடுவது. ஏ.சி. ஒரு நொடிக்கு நூறு முறை அல்லது அதற்கு மேல் பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால், ஸ்விட்ச் திறக்கும்போது எழும் தீப்பொறி தானே அணையும். டி.சி. பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை. பொறி நின்று எரிந்து பிரேக்கரையே உருக்கிவிடும். டி.சி. என்று எழுதிய, உங்கள் வோல்டேஜுக்கு மேல் தாங்கும் பிரேக்கர்தான் வேண்டும்.

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பல டி.சி. பிரேக்கர்களின் முகத்தில் ப்ளஸ், மைனஸ் குறி இருக்கும். உள்ளே உள்ள காந்தம் பொறியை ஒரு திசையில்தான் தள்ளி அணைக்கும். தலைகீழாகப் பொருத்தினால் சாதாரண நாட்களில் ஒன்றும் தெரியாது, சுமையோடு அணைக்கிற அன்று எரியும். பேட்டரி பக்கம் கரன்ட் இரு திசையிலும் போவதால் அங்கே குறி இல்லாத வகையைப் போடுங்கள்.

எம்.சி.4 கனெக்டரை இடுக்கியால் நசுக்காதீர்கள். சரியான கிரிம்பரால் அழுத்தி, இழுத்துப் பார்த்து, ‘கிளிக்’ என்று கேட்கும் வரை செருகுங்கள். ஒரே தயாரிப்பின் ஆணையும் பெண்ணையும் மட்டுமே சேர்க்க வேண்டும். வேறு வேறு தயாரிப்புகள் பொருந்துவது போல் தோன்றினாலும் உள்ளே தளர்ந்து நின்று சூடாகும். கரன்ட் ஓடும்போது அதைப் பிடுங்கவே கூடாது.

பேனல் சட்டங்களையும் ஸ்டாண்டையும் எர்த் செய்யுங்கள். சட்டத்தின் மேலுள்ள ஆனோடைஸ் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. பூச்சைக் கீறிப் பிடிக்கும் பல் வாஷர் போட்டால்தான் அது உண்மையான எர்த். பேனல் ஒயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் திடீரென எகிறும் வோல்டேஜைத் தடுக்கும் டி.சி. சர்ஜ் காப்பான் ஒன்றும் வையுங்கள்.

## 9. இணைக்கும் வரிசை

எல்லாப் பிரேக்கரும் அணைந்திருக்கட்டும். பேனலைத் தடித்த துணியால் மூடுங்கள்.

முதலில் பேட்டரியைக் கன்ட்ரோலரோடு இணையுங்கள். கன்ட்ரோலர் விழித்து, இது 24 வோல்ட் அமைப்பு என்று தெரிந்துகொள்ளும். சில நொடி பொறுத்துத் திரையில் பேட்டரி வோல்டேஜ் சரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

அடுத்து செட்டிங். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 8 செல் பேட்டரிக்கு முழு சார்ஜ் 28.4, ஃப்ளோட் (நிரம்பிய பின் தாங்கிப் பிடிக்கும் வோல்டேஜ்) 27 வோல்ட் அளவில் இருக்கும். தண்ணீர் ஊற்றும் லெட்-ஆசிட்டுக்கு 28.8, 27.2 அளவில். உங்கள் பேட்டரியின் கையேடு வேறு எண் சொன்னால் அதையே வையுங்கள். லித்தியத்துக்கு ‘ஈக்வலைஸ்’ (வேண்டுமென்றே கூடுதல் வோல்டேஜில் சார்ஜ் செய்வது) கண்டிப்பாக அணைந்திருக்க வேண்டும்.

மூன்றாவதாகப் பேனல். பிரேக்கரைப் போடும் முன், துணியை விலக்கி, ஒயர் முனையில் மல்டிமீட்டரை வைத்து ப்ளஸ், மைனஸையும் வோல்டேஜையும் பாருங்கள். 92-க்குப் பக்கத்தில் வர வேண்டும். 46 வந்தால் ஏதோ ஒரு பேனல் சேரவில்லை. மைனஸ் குறியோடு வந்தால் ஒயர் மாறியிருக்கிறது. அளக்கும் முன் மீட்டரின் சிவப்பு ஒயர் ‘10 ஆம்பியர்’ துளையில் இல்லை என்று உறுதி செய்யுங்கள். அங்கே இருந்தபடி வோல்டேஜ் அளந்தால் மீட்டரே ஷார்ட் ஆகும்.

கழற்றும்போது இதற்கு நேர் எதிர்: முதலில் பேனல், கடைசியில் பேட்டரி. பேட்டரி இல்லாமல் பேனல் மட்டும் கன்ட்ரோலரில் இருந்தால் மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லை. சில கன்ட்ரோலர்கள் அதிலேயே பழுதாகிவிடுகின்றன.

கடைசியாக இன்வெர்ட்டர். அதற்குள் இருக்கும் பெரிய கப்பாசிட்டர்கள் காலியாக இருப்பதால், பேட்டரியைத் தொட்டதும் ‘டப்’ என்று பொறி பறக்கும். லித்தியம் பேட்டரியின் பி.எம்.எஸ். (உள்ளே இருக்கும் காவல் சர்க்யூட்) அதையே ஷார்ட் என்று நினைத்து அணைந்துவிடுவதும் உண்டு. 25 முதல் 50 ஓம் வரை உள்ள, சில வாட் தாங்கும் ரெசிஸ்டர் ஒன்றை இடையில் சில நொடி வைத்துக் கப்பாசிட்டரை நிரப்பிவிட்டு, உடனே நேர் இணைப்பைக் கொடுங்கள்.

## 10. இன்வெர்ட்டரின் ஏ.சி. பக்கம்

ப்யூர் சைன் வேவ் வகையே வாங்குங்கள். மற்றவற்றில் மின்விசிறி உறுமும், மோட்டார் சூடாகும். ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு இழுக்கும், அந்தத் தாக்கை இன்வெர்ட்டர் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

இன்வெர்ட்டர் வெளியீடும் வெளி மின்சாரமும் ஒருபோதும் சந்திக்கக் கூடாது. இரண்டில் ஒன்றை மட்டுமே அனுமதிக்கும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் வழியாக, இன்வெர்ட்டருக்கென்று பிரித்த தனி சர்க்யூட்டுக்குக் கொடுங்கள். இரண்டு பக்கமும் பிளக் உள்ள ஒயரால் சுவர் சாக்கெட்டில் செருகுவது கொலைக்குச் சமம். அந்த மின்சாரம் வெளியே போய்க் கம்பத்தில் நிற்பவரைத் தாக்கும். எர்த் லீக்கேஜ் பிரேக்கரும் நியூட்ரல்-எர்த் இணைப்பும் இன்வெர்ட்டருக்கு இன்வெர்ட்டர் மாறும். இந்தப் பகுதியை மட்டும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

## 11. காற்றாலை

சோலார் ஓடத் தொடங்கிய பிறகு இதற்கு வாருங்கள். காற்று உண்மையில் எவ்வளவு என்று அளக்க அதற்குள் நேரம் கிடைத்திருக்கும்.

காற்றின் சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. 2 மீட்டர் விட்டமுள்ள விசிறி, காற்றில் உள்ளதில் கால் பங்கைப் பிடிக்கிறது என்று வைப்போம். நொடிக்கு 10 மீட்டர் காற்றில் 470 வாட் வரும். 5 மீட்டரில் 59. 3 மீட்டரில் வெறும் 13. பெட்டியில் ‘500 வாட்’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் 11, 12 மீட்டர் காற்றுக்கு. மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் விடாமல் அடிக்கும் காற்று எத்தனை வீடுகளில் இருக்கிறது? எவ்வளவு நல்ல விசிறியானாலும் 59.3 சதவீதத்துக்கு மேல் பிடிக்க முடியாது என்பது இயற்பியல் விதி, அதனால் ‘80 சதவீதத் திறன்’ என்று விற்பதை நம்பாதீர்கள்.

ஆகவே காற்றாலை நிற்கப்போகும் உயரத்தில், காற்று வேகத்தைப் பதிவு செய்யும் அனிமோமீட்டரை வைத்துச் சில மாதம் அளந்து பாருங்கள். சராசரி 4 மீட்டரைத் தாண்டாவிட்டால் அந்தப் பணத்துக்கு இன்னும் இரண்டு பேனல் வாங்குவதே சரி. வெயில் மங்கும் பருவத்தில் காற்று வலுக்கும் இடமாக இருந்தால் மட்டும் காற்றாலை உழைப்புக்கு ஈடு கொடுக்கும்.

கோபுரத்துக்கு வீட்டுக் கூரை தோதல்ல. கூரை மேல் காற்று சுழன்று வருவதால் விசிறி திசை தேடியே ஓய்ந்துபோகும், அதிர்வு சுவர் வழியாக இறங்கும். 150 மீட்டர் சுற்றளவில் உள்ள மரம், கட்டடம் எதையும்விடக் குறைந்தது 9 மீட்டர் உயரமாக நிற்க வேண்டும். சாய்த்து இறக்கக்கூடிய குழாய்க் கோபுரமே வீட்டுக்குத் தோது, பராமரிப்புக்கு மேலே ஏற வேண்டியதில்லை. இழு கம்பிகள் நான்கு திசையிலும் வேண்டும். தூக்கும்போது பக்கவாட்டுக் கம்பிகள் இரண்டும் கோபுரத்தைச் சாயாமல் பிடிக்கும். காற்றில்லாத நாளில் தூக்குங்கள். கோபுரம் விழக்கூடிய வட்டத்துக்குள் யாரையும் நிற்க விடாதீர்கள்.

பேனலைச் சும்மா விட்டால் ஒன்றுமில்லை. காற்றாலையை அப்படி விட முடியாது. சுமை இல்லாவிட்டால் அது கட்டுமீறிச் சுற்றும், வோல்டேஜ் எகிறும், இறக்கை உடையும். பேட்டரி நிரம்பியதும் மின்சாரத்தை வேறு எங்காவது தள்ள வேண்டும். அதற்கு டம்ப் லோடு, அதாவது பெரிய ஹீட்டர் ரெசிஸ்டர். காற்றாலையின் உச்ச வாட்டைவிட அதிகம் தாங்க வேண்டும், எரியாத பரப்பில் இருக்க வேண்டும். சோலார் கன்ட்ரோலரில் காற்றாலையைக் கட்டக் கூடாது. சோலார் கன்ட்ரோலர் ‘போதும்’ என்று துண்டித்துவிடும், காற்றாலைக்கு அதுதான் ஆபத்து.

லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். பி.எம்.எஸ். ஒரு கணத்தில் பேட்டரியைத் துண்டிக்கக்கூடியது. அப்போது காற்றாலையின் முழு வோல்டேஜும் இன்வெர்ட்டர் மேலும் கன்ட்ரோலர் மேலும் பாயும். டம்ப் லோடு பேட்டரி வோல்டேஜைப் பார்த்து இயங்கும் வகையாக மட்டும் இருந்தால் போதாது. பேட்டரி போனாலும் காற்றாலைப் பக்கத்திலேயே நின்று சுமை கொடுக்கும் கன்ட்ரோலராக இருக்க வேண்டும்.

காற்றாலையிலிருந்து வரும் மூன்று ஒயரையும் ஒன்றோடொன்று ஷார்ட் செய்யும் பிரேக் ஸ்விட்ச் கோபுரத்தின் அடியில் இருக்கட்டும். ஷார்ட் ஆனதும் ஜெனரேட்டரே பிரேக்காகி மெல்லச் சுற்றும். கடும் காற்றில் முழு வேகத்தில் ஓடும்போது அதைப் போட்டால் கம்பிச் சுருள் எரியக்கூடும், காற்று தணியும் இடைவெளியில் போடுங்கள். இணைக்கும் வரிசையும் சோலார் போலத்தான்: பிரேக் போட்ட நிலையில் கோபுரத்தைத் தூக்கி, பேட்டரியைக் காற்றாலைக் கன்ட்ரோலரோடு சேர்த்து, பிறகு காற்றாலை ஒயர், கடைசியில் பிரேக்கை விடுவிப்பது. இரண்டு கன்ட்ரோலரும் தனித்தனி ஃபியூஸ் வழியாக ஒரே பஸ்பாரில், அதாவது பல ஒயர்கள் சேரும் உலோகப் பட்டையில், சேரலாம்.

காற்றாலையையே கையால் செய்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. நியோடிமியம் காந்தங்கள் இரும்புத் தட்டை நோக்கிப் பாயும், நடுவில் விரல் இருந்தால் நசுங்கிவிடும். மரக் கட்டை வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தி அமர்த்துங்கள். மூன்று இறக்கையின் எடையும் சமநிலையும் ஒத்துப்போகும் வரை சீவிக்கொண்டே இருங்கள். கொஞ்சம் ஏறுமாறாக இருந்தாலும் அந்த அதிர்வு பேரிங்கையும் கோபுர போல்ட்டையும் தின்றுவிடும்.

## 12. முதல் வாரமும் அதற்குப் பிறகும்

முதல் நாள் முழுச் சுமை கொடுத்து அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, எல்லா இணைப்பையும் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் பாருங்கள். ஒரே ஒயரின் ஒரு முனை மட்டும் சூடாக இருந்தால் அங்கே லக் தளர்வு. சுமையை அணைத்து, ஃபியூஸைக் கழற்றி, அதன் பிறகு முறுக்குங்கள்.

தினமும் காலை விடியும் முன் பேட்டரி வோல்டேஜ், மாலையில் அன்றைய விளைச்சல் என்று இரண்டு எண் குறித்து வையுங்கள். விடியற்காலை எண் நாளுக்கு நாள் இறங்கினால் செலவு வரவை மிஞ்சுகிறது. பேட்டரியைக் குறை சொல்லும் முன் இரண்டாம் பகுதியின் பட்டியலைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் யாரோ புதிதாக ஒரு கருவியைச் செருகியிருப்பார்கள். விளைச்சல் மட்டும் குறைந்தால் பேனலில் தூசி அல்லது புது நிழல்.

மாதம் ஒருமுறை பேனலைக் காலையிலேயே, கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது கழுவுங்கள். உச்சி வெயிலில் குளிர்ந்த நீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடக்கூடும். லெட்-ஆசிட்டில் டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பாருங்கள். தகடு தெரியும் அளவுக்கு இறங்கியிருந்தால் தவிர, முழு சார்ஜ் ஆன பிறகே ஊற்றுங்கள், முன்னால் ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும். இழு கம்பிகளின் இறுக்கத்தைப் புதுக் கோபுரத்தில் ஒரு வாரத்திலும், அப்புறம் ஒவ்வொரு பெருங்காற்றுக்குப் பிறகும் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கோபுரத்தை இறக்கி இறக்கை, பேரிங், மேலிருந்து தொங்கும் ஒயரின் முறுக்கு மூன்றையும் சோதித்துவிட்டுத் தூக்குங்கள்.